குனிந்து எடுத்த காமிரா: ஆக்னஸ் வர்தாவின் வாழ்வும் சினிமாவும்

(மாணவர்களுக்கான திரையிடல் ஒன்றில் படம் தொடங்குவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



படம் போடுறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாதீங்க, கதையைச் சொல்லிக் கெடுத்துவிட மாட்டேன். இந்தப் படத்தில் சொல்வதற்குக் கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன்.

பொறுக்கி. நம்ம ஊரில் ஒருத்தனைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொன்னால் அடிதடி ஆகிவிடும். ஆனால் பொறுக்குகிறவன் பொறுக்கி, அவ்வளவுதானே? அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கியவர்கள் யார்? அந்த வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள். அவர்கள் செய்த ஒரு வேலையின் பெயர் எப்படி வசவாக மாறியது? இதே வேலையைப் பார்ப்பனர் செய்தால் அதற்குப் பெயரே வேறு. உஞ்சவிருத்தி. சிதறிய தானியத்தைப் பொறுக்கி வாழ்வதை, மனுதர்மத்தின் நான்காம் அத்தியாயம் பார்ப்பனருக்கு உரிய பிழைப்புகளில் வைத்து, 'ருதம்' அதாவது சத்தியம் என்று பெயரும் சூட்டுகிறது. அதே நூலின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்குக் கொடுக்கச் சொல்வது எச்சில் சோறும் கந்தல் துணியும் பதரும். குனிகிற முதுகு ஒரே முதுகுதான். யாருடைய முதுகு என்பதைப் பார்த்துத்தான் விரதமா வசவா என்று முடிவாகிறது.

இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் பிரெஞ்சுப் படத்தின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், 'பொறுக்குகிறவர்களும் பொறுக்குகிறவளும்'. 2000-இல் வெளியானது. எடுத்தவர் ஆக்னஸ் வர்தா. பொறுக்குகிறவர்கள் என்பது படத்தில் வரும் மக்கள். பொறுக்குகிறவள் என்று ஒருமையில் சொல்வது தன்னைத்தான். எழுபதைத் தாண்டிய வயதில், உலகமே மதிக்கிற ஒரு இயக்குநர், தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. ஏன் அப்படி வைத்துக்கொண்டார் என்பதைத்தான் நான் பேச நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1928 மே 30, பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம். அப்பா கிரேக்கர், அம்மா பிரெஞ்சுக்காரர். வீட்டில் வைத்த பெயர் ஆர்லெட். பதினெட்டு வயதில் அதை மாற்றி ஆக்னஸ் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். 1940-இல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் குடும்பம் தெற்கு பிரான்சில் சேத் என்ற துறைமுக ஊருக்கு ஓடியது. போர்க்காலத்தில் ஒரு படகிலேயே குடியிருந்தார்கள். பிறகு பாரிசில் கலை வரலாறும் புகைப்படக் கலையும் படித்தார். ழான் விலார் நடத்திய தேசிய மக்கள் நாடக அரங்கில் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். சினிமாப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் படிக்கவில்லை. உதவி இயக்குநராக யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. முதல் படம் எடுப்பதற்கு முன்னால் அவர் பார்த்திருந்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த முதல் படம் 'லா புவான்த் கூர்த்'. சேத் ஊரில் உள்ள ஒரு மீனவர் குடியிருப்பின் பெயர் அது. 1954-இல் எடுத்து 1955-இல் காட்டினார். பாரிசிலிருந்து வரும் ஒரு கணவன் மனைவி பிரிவதா சேர்ந்திருப்பதா என்று பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அது ஒரு பாதி. இன்னொரு பாதி அந்த மீனவர்கள். அவர்கள் சிப்பி எடுக்கிற நீர்நிலையில் கிருமி இருக்கிறது என்று சொல்லி அதிகாரிகள் வந்து தடுக்கிறார்கள். பிழைப்புக்கு என்ன செய்வது என்பது அவர்கள் பேச்சு. இரண்டு கதையும் மாறி மாறி வரும், ஒன்றோடொன்று ஒட்டாது. மீனவர்களாக நடித்தவர்கள் அந்த மீனவர்களே. பணம் எங்கிருந்து? நடித்தவர்களும் தொழில்நுட்பக்காரர்களும் கூலி வாங்காமல் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள். கூட்டுறவாக எடுத்த படம். தொகுத்துக் கொடுத்தவர் அலென் ரெனே. அதற்காக வர்தா சொந்தமாகத் தொடங்கிய சிறிய கம்பெனிதான் பிற்பாடு சினே-தமாரிஸ் என்ற பெயரில் கடைசி வரைக்கும் அவர் படங்களைத் தாங்கி நின்றது. பாரிசில் தாகேர் தெருவில் அவர் குடியிருந்த வீடுதான் அலுவலகம்.

இதில் ஒரு வரலாற்று மோசடி இருக்கிறது. பிரெஞ்சுப் புதிய அலை என்றால் சினிமா சங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு பெயர் தெரியும். த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்', 1959. கோதாரின் 'மூச்சுத் திணற', 1960. ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து, தெருவில், குறைந்த செலவில், சொந்தக் குரலில் படம் எடுப்பதுதான் புதிய அலை என்றால், அதை ஒரு பெண் நாலைந்து வருடம் முன்னாலேயே செய்து முடித்துவிட்டார். வரலாறு எழுதியவர்கள் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். புதிய அலையின் பாட்டி. அப்போது அவருக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல்! முன்னோடி என்று எழுதினால் இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கும். பாட்டி என்று சொல்லிவிட்டால் திண்ணையில் உட்கார வைத்துவிடலாம். மரியாதை கொடுத்தே ஓரம் கட்டுவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அடுத்தது 1962-இல் 'கிளியோ, 5 முதல் 7 வரை'. கிளியோ ஒரு பாடகி, அழகி. தனக்குப் புற்றுநோயா இல்லையா என்ற பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறாள். ஒரு மாலைப்பொழுது. படம் ஓடுவது ஏறத்தாழ 90 நிமிடம், அவள் வாழ்க்கையிலும் அதே 90 நிமிடம்தான் ஓடுகிறது. முதல் பாதியில் கிளியோ பார்க்கப்படுகிறாள். கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறாள், கடையில் தொப்பி போட்டுப் பார்க்கிறாள், ஆண்கள் அவளைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு இடத்தில் தலையில் இருந்த டோப்பாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கறுப்பு உடை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். அதற்கு அப்புறம் அவள் பார்க்க ஆரம்பிக்கிறாள். மற்றவர்கள் முகம் அவள் கண்ணில் படுகிறது. கடைசியில் பூங்காவில் சந்திப்பது விடுப்பு முடிந்து அன்றிரவே அல்ஜீரியாப் போருக்குத் திரும்பவேண்டிய ஒரு சிப்பாய். டாக்சி ரேடியோவிலும் அல்ஜீரியச் செய்தி ஓடுகிறது. ஒரு பெண்ணின் சாவு பயமும் ஒரு காலனியப் போரும் ஒரே மாலைக்குள் வந்துவிடுகின்றன. பார்க்கப்படும் பொருளாக இருந்தவள் பார்க்கிறவளாக மாறுவது, இதுதான் வர்தாவின் அரசியல் என்று நான் நினைக்கிறேன். மற்ற படங்கள் எல்லாம் இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் வருகின்றன.

1968-இல் அவர் அமெரிக்காவில் இருந்தார். கணவர் ழாக் தெமி, அவரும் இயக்குநர், அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். வர்தா காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓக்லாந்துக்குப் போனார். ஹூயி நியூட்டன் சிறையில் இருந்தார். அவரை விடுதலை செய் என்று கறுப்புச் சிறுத்தைகள் நடத்திய கூட்டங்களைப் படம் பிடித்தார். சிறைக்குள்ளே போய் நியூட்டனிடமும் பேசினார். அரை மணி நேரத்துக்கும் குறைவான ஆவணப்படம், பெயர் 'பிளாக் பேந்தர்ஸ்'. நம்ம தோழர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர் தோன்றியபோது பெயரை எடுத்துக்கொண்டது இவர்களிடமிருந்துதானே. அந்தப் படத்தில் காத்லீன் கிளீவர் தன் சுருட்டை முடியைப் பற்றிப் பேசுகிறார். இது எங்களோடு பிறந்த முடி, இதை ஏன் நீட்டி நேராக்கி வெள்ளைக்காரி மாதிரி ஆக்கணும் என்பது அவர் பேச்சின் சாரம். ஊர்வலத்தையும் முழக்கத்தையும் எடுக்கப் பலர் வந்திருப்பார்கள். ஒரு மக்கள் கூட்டம் தன் தலைமுடியை வெறுக்கப் பழக்கப்படுத்தப்பட்டதையும் அதிலிருந்து மீண்டதையும் நின்று கேட்டு, காது கொடுத்து எடுத்தவர் வர்தா. பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சிக்காக எடுத்த படம் இது. 68 மே கிளர்ச்சியைப் பார்த்து மிரண்டு போயிருந்தவர்கள் இதை ஒளிபரப்பவில்லை.

1971 ஏப்ரலில் 343 பெண்கள், நாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். அப்போது பிரான்சில் அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. சிமோன் த பூவா எழுதிய அறிக்கை. கையெழுத்துப் போட்டவர்களில் வர்தாவும் ஒருவர். 1975-இல் சட்டம் மாறியது. இந்தப் போராட்டத்தின் கதைதான் 1977-இல் அவர் எடுத்த 'ஒருத்தி பாடுகிறாள், மற்றவள் பாடவில்லை'. அந்த வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஜிசேல் அலிமியே அதில் வருகிறார்.

இடையில் ஒரு சின்ன விஷயம். பெண் தோழர்களுக்காகச் சொல்கிறேன். 1972-இல் வர்தாவுக்கு மகன் பிறந்தான். கைக்குழந்தையை விட்டு வெளியூர் போக முடியாது. என்ன செய்தார்? வீட்டு மின்சாரத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்தார். ஏறத்தாழ 90 மீட்டர். அந்த ஒயர் எட்டுகிற தூரம்தான் என் படப்பிடிப்புத் தளம் என்று முடிவு செய்தார். தாகேர் தெருவின் ரொட்டிக்கடைக்காரர், கறிக்கடைக்காரர், தையல்காரர், வாசனைத் திரவியம் விற்கும் வயதான தம்பதி, இவர்களை வைத்து 'தாகேரியர்கள்' என்ற ஆவணப்படம் வந்தது. ஒயர் தொப்புள்கொடி மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். தாய்மை பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்பது உண்மைதான். கட்டப்பட்ட கயிறு எவ்வளவு நீளம் என்று அளந்து பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு சினிமா எடுத்தார் இந்த அம்மா.

இப்போது 1985-க்கு வருவோம். 'கூரையும் இல்லை சட்டமும் இல்லை.' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். முதல் காட்சியிலேயே ஒரு இளம்பெண் தெற்கு பிரான்சில் திராட்சைத் தோட்டத்துப் பள்ளத்தில் குளிரில் விறைத்துச் செத்துக் கிடக்கிறாள். பெயர் மோனா. நடித்தவர் சாந்த்ரின் போனேர், அப்போது பதினேழு பதினெட்டு வயது. கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவள் மோனா. அவளைச் சாவதற்கு முன்னால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள். அதுதான் படம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு ஒன்று புரியும். மோனா யார் என்று கடைசி வரை தெரியவே தெரியாது. சாட்சி சொல்கிறவர்கள் யார் என்றுதான் தெரிந்துவிடும். ஒரு பேராசிரியை அவளைக் காரில் ஏற்றிக்கொள்கிறார், சாப்பிடக் கொடுக்கிறார். நல்ல மனசுதான். அப்புறம் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி போனில் தோழியிடம் அவள் மேலே அடித்த நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். தத்துவம் படித்துவிட்டு ஆடு மேய்க்க வந்த ஒருவர் அவளுக்கு இடம் கொடுக்கிறார், நிலத்தில் உருளைக்கிழங்கு போடு என்கிறார். அவள் போடவில்லை. உடனே அவருக்கு உபதேசம் வந்துவிடுகிறது. இயக்கத்தில் இருக்கிற நாமெல்லாம் அந்த ஆட்டுக்காரரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். நாம் போட்டு வைத்திருக்கும் விடுதலைத் திட்டத்துக்குள் அடங்காதவர்கள் மேல் நமக்கு வருகிற கோபம் அவர் முகத்தில் இருக்கிறது.

கொடி வெட்டும் துனீசியத் தொழிலாளி ஒருவர்தான் அவளைச் சமமாக நடத்துகிறார். வேலை கற்றுக்கொடுக்கிறார். ஊருக்குப் போயிருந்த அவருடைய சக தொழிலாளிகள் திரும்பி வந்து, ஒரு பெண் இங்கே தங்கக் கூடாது என்கிறார்கள். அவரால் எதிர்த்து நிற்க முடியவில்லை. எல்லோரும் காமிராவைப் பார்த்து ஏதோ பேசுகிறார்கள். அவர் முறை வரும்போது அவர் எதுவும் பேசவில்லை. மோனா விட்டுப்போன சிவப்புத் துணியை எடுத்து முகர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான். பேராசிரியைக்கு நாற்றமாகத் தெரிந்தது அந்த மனிதருக்கு வேறாக இருக்கிறது. நாற்றம் என்ற சொல்லால் எத்தனை பேரை ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்த நமக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

இனி இன்றைய படம். பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் மிலே என்ற ஓவியர் 1857-இல் வரைந்த ஒரு ஓவியம் இருக்கிறது. அறுப்பு முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குகிறார்கள். வர்தா அங்கிருந்து தொடங்கி, இப்போது யார் குனிகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பிரான்சு முழுவதும் போகிறார். உருளைக்கிழங்கு வயலில் அளவுக்கு மீறிப் பெருத்தது, சிறுத்தது, கோணல்மாணலானது எல்லாவற்றையும் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு எல்லாம் ஒரே உருவத்தில் இருக்கணுமாம். அந்தக் குவியலில் இதய வடிவில் இருக்கும் கிழங்குகளை வர்தா தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு வழக்கறிஞர் கறுப்பு அங்கியோடு வயலில் நின்று சட்டம் படிக்கிறார். அறுப்பு முடிந்த பிறகு, சூரியன் உதித்ததிலிருந்து மறைகிற வரை பொறுக்கிக்கொள்ளலாம். 1554-ஆம் வருடத்து அரசாணை வரை போகும் உரிமை அது. உரிமை என்ற சொல்லைக் கவனிங்க. தர்மம், பிச்சை, இரக்கம் எதுவும் இல்லை. அப்படியும் தெற்கே ஓர் ஊரில், கடைக்காரர் குப்பைத்தொட்டியில் பிளீச்சைக் கொட்டிவிடுகிறார், ஆத்திரப்பட்ட வீடில்லாத இளைஞர்கள் மேல் வழக்கு வருகிறது. இளைஞர்கள், கடைக்காரர், நீதிபதி மூன்று பேரையும் பேச வைக்கிறார் வர்தா. 2016-இல் பிரான்சு ஒரு சட்டம் போட்டு, பெரிய கடைகள் விற்காத உணவை வேண்டுமென்றே கெடுத்து எறியக் கூடாது என்றது. படம் வந்து பதினாறு வருடம் கழித்து.

பாரிசில் சந்தை முடிந்த பிறகு தரையில் கிடக்கும் காய்கறியைப் பொறுக்கி அங்கேயே கடித்துத் தின்னும் ஒரு மனிதரைப் பல நாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் போய்ப் பேசுகிறார். அந்த மனிதர் பட்டப் படிப்புக்கு மேலும் உயிரியல் படித்தவர். மாலையில் தான் தங்கும் விடுதியில் மாலி, செனகல் நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுக்குச் சம்பளம் வாங்காமல் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். பரிதாபப்படலாம் என்று உட்கார்ந்திருந்த பார்வையாளருக்கு மூஞ்சி தொங்கிப்போகும்.

சிறிய டிஜிட்டல் காமிரா அப்போதுதான் வந்திருந்தது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை எடுக்கிறார் வர்தா. சுருங்கிய, புள்ளி விழுந்த, கிழவியின் கை. அடுத்தவர் வறுமையை எடுக்கிற காமிரா தன் முதுமையையும் எடுக்கட்டும் என்று காட்டுகிறார்.

இங்கே ஒரு கேள்வி வரும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். பாரிசில் சொந்த வீடு உள்ள அம்மா, பசிக்காகக் குனியாதவர், தன்னைப் பொறுக்குகிறவள் என்று சொல்லிக்கொள்ளலாமா? நியாயமான கேள்வி. வலியை அனுபவித்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்ற நம் வாதத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வர்தா இரண்டு வருடம் கழித்து, 2002-இல், அதே மனிதர்களைத் தேடிப்போய் இன்னொரு படம் எடுத்தார். அந்தச் சந்தை மனிதர், படம் நல்லாத்தான் இருக்கு, ஆனால் உங்களை நீங்களே காட்டிக்கொண்ட பகுதிகள் தேவையில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வர்தா அதை வெட்டி எறியவில்லை. தன் படத்திலேயே வைத்தார். அடுத்தவர் வாழ்க்கையை எடுக்கிறவருக்கு நான் கேட்கும் குறைந்தபட்ச நேர்மை இதுதான். எடுக்கப்பட்டவருக்குத் திருப்பிப் பேச இடம் இருக்கணும்.

நான் எனக்கு நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பல வருடம் முன்னால், எரிக்கப்பட்ட ஒரு காலனிக்கு உண்மை அறியும் குழுவோடு போனேன். கடன் வாங்கிய வீடியோ காமிரா என் தோளில். ஒரு வயதான அம்மா சாம்பலுக்குள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல காட்சி என்று எனக்குத் தோன்றியது. ஆமாம் தோழர்களே, அப்படித்தான் தோன்றியது. நின்றபடி மேலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து, "தம்பி, அதக் கீழ வச்சிட்டு இந்தக் குண்டானக் கொஞ்சம் புடி" என்றார். வைத்துவிட்டுப் பிடித்தேன். உள்ளே கருகிய அரிசி. அதுவரை எடுத்ததைப் பிறகு போட்டுப் பார்த்தேன். டேப்பில் இருந்தது ஒரு முதுகு மட்டும்தான். அந்த அம்மா முகம் இல்லை, குரல் இல்லை, குண்டானின் மறுபக்கத்தைப் பிடித்த என் கையும் இல்லை. வர்தாவின் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த டேப்பில் என்ன குறைகிறது என்று எனக்குத் தெரிந்தது.

2018-இல் கான் விழாவின் படிக்கட்டில் 82 பெண்கள் சேர்ந்து நின்றார்கள். 1946-இலிருந்து அங்கே போட்டிப் பிரிவில் படம் காட்டிய பெண்களின் எண்ணிக்கை அவ்வளவுதான் என்று காட்டுவதற்காக. முன்வரிசையில் வெள்ளையும் சிவப்புமாய் இரண்டு நிறத் தலைமுடியோடு நின்ற குள்ளமான கிழவி வர்தா. அப்போது வயது 89. அடுத்த வருடம் மார்ச் 29 அன்று தாகேர் தெரு வீட்டில் இறந்தார். கடைசி வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உங்களில் எல்லோர் கையிலும் இப்போது காமிரா இருக்கிறது, போனுக்குள்ளேயே. சேரிக்குப் போனாலும் போராட்டத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தூக்குகிறோம். தூக்குங்க, வேண்டாம்னு சொல்லல. இந்தப் படத்தில் ஓரிடத்தில் வர்தா ஒரு ஓவியத்துக்குப் பக்கத்தில் கோதுமைக் கட்டைத் தோளில் வைத்து நிற்பார். அப்புறம் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் காமிராவை எடுப்பார். என்னுடைய வரிசை அவருக்கு நேர்மாறு. நான் கீழே வைக்க வேண்டியது காமிராவாக இருந்தது. எதை எப்போது கீழே வைப்பது என்று படம் முடிந்த பிறகு பேசுவோம்.

சண்டை போடுவதாக இருந்தாலும் அப்போது போடலாம். லைட்டை அணைங்க தோழர்.